பழைய துப்பாக்கியின் ஜாதகம்

நூறு, நூற்றைம்பது வருடப் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று ஒரு வீட்டுப் பரணில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு கதையும் கட்டாயம் இருக்கும். "மகாராஜா பரிசாகக் கொடுத்தது", "கொள்ளுத்தாத்தா இதில்தான் புலி சுட்டார்"... இதில் எது நிஜம்? துப்பாக்கி வாய் திறக்காது. அதை விற்ற கடையின் கணக்குப் புத்தகம் திறக்கும்!

முதல் சாட்சி, குழலின் அடியில் இருக்கும் முத்திரைகள். இங்கிலாந்தில் சோதனை செய்யாத துப்பாக்கியை விற்கக் கூடாது. வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, குழல் வெடிக்காமல் தாங்கினால்தான் முத்திரை. லண்டனில் 1637-ல் சாசனம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளர் சங்கமும், பர்மிங்காமில் 1813-ல் வந்த சோதனைச் சாலையும் இதைச் செய்தன. விதி மாறும்போதெல்லாம் முத்திரையும் மாறியது. குழலில் 'நாட் ஃபார் பால்' (ஒற்றைக் குண்டு போடாதே) என்று இருந்தால் அது 1875-க்கும் 1887-க்கும் நடுவில் சோதித்தது. புகையில்லா மருந்துக்கான 'நைட்ரோ' முத்திரை 1896-க்குப் பிறகுதான் வந்தது. ஆனால் உஷார்... பழைய துப்பாக்கியைப் பின்னாளில் மறுபடி சோதித்து புது முத்திரை குத்துவதும் உண்டு.

இரண்டாவது சாட்சி, கடை முகவரி. ஜேம்ஸ் பர்டி 1814-ல் லண்டனில் தொழில் தொடங்கினார். 1826-ல் ஆக்ஸ்ஃபோர்டு தெருவுக்குப் போனார். 1880களின் தொடக்கத்தில் கடை சவுத் ஆட்லி தெருவுக்கு மாறியது. ஆக, துப்பாக்கியில் பொறித்த தெருப் பெயரே ஏறக்குறைய எந்தக் காலம் என்று சொல்லிவிடும்.

ஆனால் முத்திரையும் முகவரியும் காலத்தைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. அதற்கு வரிசை எண்ணை வைத்துக்கொண்டு கடையின் ஏட்டைப் புரட்ட வேண்டும். பர்டி போன்ற கடைகளில் இது தையல்காரரின் அளவு நோட்டு மாதிரி. எந்த எண், யாருக்கு, கட்டை எவ்வளவு நீளம் என்று எழுதி வைத்திருப்பார்கள். 'மகாராஜா கொடுத்தது' என்ற கதை நிற்பதும் விழுவதும் இந்த ஒரு வரியில்தான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. துப்பாக்கியில் இருக்கும் பெயர் செய்தவர் பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை. பர்மிங்காம் பட்டறைகள் செய்து கொடுக்க, விற்கும் கடை தன் பெயரைப் பொறித்துக்கொள்ளும். கல்கத்தாவின் ரோடா கம்பெனி பெயரிலும் இப்படி இங்கிலாந்துத் துப்பாக்கிகள் விற்றன.

விற்பவரின் ஏட்டுக்கு எவ்வளவு பலம் என்பதை இதே ரோடா கம்பெனி காட்டியது. 1914 ஆகஸ்ட் 26. கம்பெனி குமாஸ்தா ஸ்ரீஷ் சந்திர மித்ரா சுங்கத்திலிருந்து 202 பெட்டிகளை எடுத்தார். கிடங்குக்கு வந்தது 192. மீதியைக் கொண்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை. அந்த 10 பெட்டிகளில் இருந்த 50 மாசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் வங்காளப் புரட்சியாளர்கள் கைக்குப் போயின. ஆனால் ஒவ்வொரு பிஸ்டலின் எண்ணும் கம்பெனி ஏட்டில் இருந்தது. எங்கே ஒரு மாசர் பிடிபட்டாலும், அது இந்த ஐம்பதில் ஒன்றா என்று எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. 54 சம்பவங்களில் இவை பயன்பட்டன, 31 பிஸ்டல்கள் மீட்கப்பட்டன என்கிறது 1918-ன் ரௌலட் கமிட்டி அறிக்கை.

அந்த எண்களை எழுதியவர் சரித்திரம் எழுதுவதாக நினைத்திருக்க மாட்டார். சரக்கு வரவு வைத்தார், அவ்வளவுதான். அதனால்தான் அந்த ஏட்டை நம்ப முடிகிறது. யாரையும் வீரனாக்கவோ துரோகியாக்கவோ அதற்கு அவசியம் இல்லை. ஒரு கடை மூடும்போது பழைய ஏடுகள் எடைக்குப் போனால், அங்கே விற்ற அத்தனை துப்பாக்கிகளும் ஊமையாகிவிடும். பிறகு மிச்சம் இருப்பது தாத்தா சுட்ட புலி மட்டும்தான்.