ஸ்பிட்பயர்: பெயர் ஒன்று, வகை பல

இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ஸ்பிட்பயர் போர்விமானத்தை இந்நாளில் கணினித் திரையில் ஓட்டிப் பழகுவதற்கேற்பப் பாவனையாய் அமைக்கின்றனர். அமைப்போர்க்கு முதல் வினா, எந்த ஸ்பிட்பயர் என்பதே.

ரெஜினால்டு மிட்செல் வகுத்த இவ்விமானம் 1936 மார்ச் 5இல் முதன்முதல் பறந்தது. 1940இல் இங்கிலாந்தின் வானைக் காத்த முதல் வகையில் மூக்கைத் திடீரெனத் தாழ்த்தினால் எரிபொருள் தடைப்பட்டு எஞ்சின் விக்கும். எரிபொருளை நேரே பீச்சும் ஜெர்மன் எஞ்சினுக்கோ இக்குறை இல்லை. 1941இல் பீட்ரிஸ் ஷில்லிங் என்னும் பொறியியல் அம்மையார் துளையுள்ள சிறு உலோகத் தட்டொன்றால் இதனைப் பெரிதும் தணித்தார்.

அவ்வாண்டே ஜெர்மனியின் போக்-வுல்ப் 190 ஐந்தாம் வகையை விஞ்சிற்று. 1942இல் உயரத்திலும் வலிகுன்றாத புதிய மெர்லின் எஞ்சினுடன் ஒன்பதாம் வகை அதற்கு விடை கூறிற்று. பின்வந்த கிரிபன் எஞ்சினின் உந்துவிசிறி எதிர்த்திசையில் சுழன்றமையால், ஓடுதளத்தில் விமானம் மறுபக்கம் இழுத்தது. அக்கிரிபன் வகையொன்றே மலாயா அவசரகாலத்தில், 1954 ஏப்ரல் 1இல், சிங்கப்பூர் சிலேத்தாரிலிருந்து ஜொகூர்க் காட்டைப் படமெடுக்கச் சென்றது. பிரிட்டிஷ் விமானப்படையில் ஸ்பிட்பயரின் இறுதிப் போர்ப்பணி அதுவே.

இவ்வேறுபாடுகளை மறைத்துக் குறைகளை நீக்கிவிட்டால் பாவனை எளிதாகும், வரலாறு பொய்யாகும். விக்கும் எஞ்சினோடு போரிட்டவர்தம் திறமும் உடன் மறையும்.