பெயர் பிழைத்த கள்ளி

நல்லம்பள்ளியிலிருந்து தருமபுரிக்குச் செல்லும் வழியில் அதியமான்கோட்டை இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பை இந்நிலத்திற்குக் கொணர்ந்தனர் என்று ஒளவையார் பாடிய செய்தி புறநானூற்றில் உண்டு. ஒரு பயிரை யார் கொண்டுவந்தார் என்பதைப் பாட்டில் பதித்து வைத்த மண் இது. ஆயினும் இதே மண்ணின் கரட்டு மேடுகளிலும் ஏரிக்கரைகளிலும் கேட்பாரின்றி நிற்கும் சப்பாத்திக்கள்ளியை யார் கொண்டுவந்தார் என்று நாம் வினவுவதில்லை. அது என்றும் இங்கேயே இருந்தது என்பது நம் எண்ணம்.

அது இங்கே இருந்ததன்று. சங்கப் புலவர்கள் பாலை நிலத்தைப் பாடும்போது சொல்லும் கள்ளி வேறு, இது வேறு. அவர்கள் கண்டது சதுரக்கள்ளி போன்ற பால் கொண்ட கள்ளிகளை. சப்பாத்திக்கள்ளியின் குலம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. 1492-க்குப் பின்னரே கப்பலேறி மற்ற நாடுகளைக் கண்டது. இரண்டையும் பிரித்தறிய ஒரு கீறல் போதும். நம் பழைய கள்ளியில் வெண்பால் வடியும். சப்பாத்திக்கள்ளியில் நிறமற்ற வழவழப்பான நீரே கசியும். ஒரு காலத்தில் சேலம், தருமபுரி மாவட்டங்களின் பெயரோடு சேர்த்துத் துயரத்துடன் பேசப்பட்ட கள்ளிப்பால் அந்தப் பழைய கள்ளியினுடையது. பெண் சிசுக்களைக் காக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பட்டதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அப்பழியில் சப்பாத்திக்கள்ளிக்குப் பங்கில்லை. அதற்கு வேறு பழிகள் உண்டு.

புதிதாக வந்த செடிக்கு நம் மக்கள் தாங்கள் அறிந்த பெயரையே சூட்டினார்கள். முள்ளும் சதையும் கண்டு கள்ளி என்றார்கள்; தட்டையான மடலைக் கண்டு சப்பாத்தி என்றார்கள்; படமெடுத்த பாம்பை நினைந்து நாகதாளி என்றார்கள். கற்றவர்களும் இதற்கு விலக்கல்லர். ஐரோப்பியத் தாவர நூலார் இதன் இனத்துக்கு வைத்த ‘ஒபுன்ஷியா’ என்னும் பெயர், கிரேக்க நாட்டின் ஓப்பஸ் என்ற பழைய நகரை ஒட்டியது. அந்நகரத்தார் இச்செடியைக் கனவிலும் கண்டதில்லை. மெக்சிக்கோவிலிருந்து பரவிய முள்ளற்ற பெரிய வகைக்கு ‘இந்திய அத்தி’ என்று பெயர். அங்கே இந்தியா என்பது கொலம்பஸ் தேடி வந்த இந்தியா, நம் இந்தியா அன்று.

இவ்விடத்தில் ஒரு சிறு குறிப்பு. திருநாட்டைக் காட்டும் திரைப்படங்களிலும், சில ஊர்களின் கிறிஸ்துமஸ் குடில்களிலும் சப்பாத்திக்கள்ளி நிற்பதைக் காண்கிறோம். இன்று பாலஸ்தீன நாட்டில் வேலிதோறும் அது இருப்பது உண்மைதான். ஆனால் ஆண்டவர் நடந்த காலத்து வழிகளில் அது இல்லை. குடில் அமைக்கும் இளைஞர்கள் முட்குத்திலிருந்து தப்புவதற்கு வரலாறும் துணை நிற்கிறது!

பங்கு இல்லத் தோட்டத்தில் சில ஆண்டுகளாக நாம் இக்கள்ளிகளை வளர்த்தும் வகை பிரித்தும் வருகிறோம். வளர்ப்பது எளிது. முற்றிய மடல் ஒன்றை வெட்டி, வெட்டுவாய் உலரும்வரை ஒரு வாரம் நிழலில் போட்டு வைத்து, மணல் கலந்த செம்மண்ணில் கால்பங்கு புதையுமாறு நடவேண்டும். வேர் பிடிக்கும்வரை நீர் ஊற்றலாகாது, ஊற்றினால் அழுகும். வகை பிரிப்பதுதான் பொறுமையைக் கேட்கும். வெயில், நிழல், வறட்சிக்கு ஏற்ப மடலின் வடிவமும் அளவும் மாறுகின்றமையால், மடலை மட்டும் பார்த்து முடிவு கட்டுதல் கூடாது. முள்ளின் நிறம், ஒரு புள்ளியிலிருந்து எழும் முட்களின் எண்ணிக்கை, பூ, பூவிலுள்ள மகரந்தக் காம்பின் நிறம், பழத்தின் வடிவம் ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். பெரிய முள்ளைவிட அதன் அடியில் கொத்தாக இருக்கும் மயிர் போன்ற நுண்முள்ளே கொடியது. விரலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாமல் நாள் முழுதும் உறுத்தும்.

நம் பகுதியில் மிகுதியாகக் காண்பது தில்லேனி என்னும் வகை. இதை ‘ஸ்டிரிக்டா’ என்ற வகையின் பிரிவாகக் கொள்வோரும் உளர். இடுப்பளவோ ஆளளவோ புதராக வளரும். முட்கள் மஞ்சள் நிறம், சற்றே தட்டையாகி வளைந்தவை. பூ மஞ்சள், பழம் கருஞ்சிவப்பு. பழத்தைத் தரையில் தேய்த்து நுண்முள்ளைப் போக்கித் தின்று நாவும் உதடும் சிவந்த சிறுவர் பருவம் இப்பக்கத்தில் பலருக்கும் உண்டு. பழுப்பு முள்ளும் செந்நிற மகரந்தக் காம்பும் கொண்டது எலாட்டியர் என்னும் மற்றொரு வகை. மூன்றாவது மோனகாந்தா. ‘ஒற்றை முள்’ என்பது அப்பெயரின் பொருள். மெல்லிய பளபளக்கும் பச்சை மடலோடு சிறு மரம்போல் எழும். இதைத் தென்னிந்தியக் காடுமேடுகளில் இன்று தேடிக் காண்பது அரிது. ஒரு காலத்தில் எங்கும் இருந்த அது ஏன் அரிதாயிற்று என்பதே நாம் சொல்லவந்த வரலாறு.

அது ஒரு சிவப்புச் சாயத்தில் தொடங்குகிறது. மெக்சிக்கோவின் ஓவஹாக்கா பகுதி மக்கள் கள்ளி மடல்களில் ஒரு சிறு பூச்சியை வளர்த்து, உலர்த்திப் பொடித்து, உலகின் மிகச் சிறந்த செஞ்சாயத்தை எடுத்தார்கள். கொச்சினீல் என்பது அதன் பெயர். ஒரு பவுண்டு சாயப்பொருளுக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும் என்பர். இங்கிலாந்துப் படை அதிகாரிகளின் செவ்வங்கியும், பிற்காலத்தில் கர்தினால்களின் செவ்வாடையும் இப்பூச்சியின் நிறமே. வெள்ளிக்கு அடுத்த செல்வமாக இதைக் காத்துவந்த ஸ்பெயின், உயிருள்ள பூச்சியை வெளியே விடவில்லை. 1777-இல் தியெரி தெ மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் ஓவஹாக்காவிலிருந்து திருட்டுத்தனமாகப் பூச்சியையும் மடல்களையும் கடத்திச் சென்றார்.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனுக்கும் இவ்வாசை வந்தது. 1786-இல் சென்னைப் புல்வெளியில் ஒரு செம்பூச்சியைக் கண்டு, கொச்சினீல் கிடைத்துவிட்டது என்று இலண்டனில் இருந்த சர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதங்கள் எழுதினார். அது கொச்சினீல் அன்று. இருப்பினும் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் ஒன்று எழுந்தது; அதை அவருடைய மருமகன் ஆண்ட்ரூ பெரி கவனித்துவந்தார். அதே ஆண்டுகளில், 1792-இன் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்புவிடமிருந்து கம்பெனிக்கு வந்த பாராமகாலில், தருமபுரியில் தங்கித் தோட்டமும் போட்டு நிலவரி அளந்துகொண்டிருந்தார் இளம் தாமஸ் மன்றோ. செடியும் விதையும் கப்பலேறி வந்து குவிந்த காலம் அது.

1795-இல் நீல்சன் என்ற படைத்தலைவர் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பூச்சி படிந்த கள்ளி மடல்களைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து அவை சென்னைக்கும் வந்தன. உண்மையான கொச்சினீல் வந்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். பூச்சி செழித்தது; சாயமோ தரம் தாழ்ந்திருந்தது. வளர்ப்புப் பூச்சி உடல் பெரிது, மேலே பொடி போன்ற மெழுகு. வந்ததோ உடல் சிறுத்து, பஞ்சு போன்ற மெழுகைப் போர்த்திய காட்டு உறவினம். சைதாப்பேட்டைத் தோட்டம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆண்டர்சன் 1809-இல் மறைந்தார். பெயரிலும் பிழை தொடர்ந்தது. நூறாண்டு கழித்து, 1896-இல், கிரீன் என்ற பூச்சியியலார் இலங்கையில் கண்ட இப்பூச்சிக்கு ‘சிலோனிகஸ்’ என்று பெயரிட்டார். தென் அமெரிக்கப் பூச்சி இலங்கைக் குடிமகனாயிற்று. நம் தமிழ் அகராதிகளும் வாளாவிருக்கவில்லை. மழைக்காலத்துச் செம்பட்டுப் போன்ற தம்பலப்பூச்சிக்குக் கொச்சினீல் என்றே ஆங்கிலப் பொருள் தந்தவை உண்டு. சங்கப் பாடல்களில் ‘மூதாய்’ என வரும் அந்த உயிர் கள்ளியைத் தீண்டுவதேயில்லை.

சாயத்துக்கு உதவாத பூச்சி வேறொன்றைச் செய்தது. வட இந்தியாவில் மோனகாந்தா புதர்களைத் தின்று அழித்தது. அதைக் கண்டு 1836-க்கும் 1838-க்கும் இடையில் அதே பூச்சியைத் தென்னிந்தியாவுக்கு வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். 1865 அளவில் இலங்கைக்கும் சென்றது. ஒரு களைச்செடியை அழிப்பதற்கெனப் பூச்சியை ஏவியதில் உலகிலேயே முதல் நிகழ்ச்சிகளாக இவற்றை அறிவியலார் எண்ணுகிறார்கள். கள்ளியால் நொந்திருந்த ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து அரசு அனுப்பிய இரு அறிஞர்கள் இந்தியாவையும் இலங்கையையும் பார்த்து, இப்பூச்சியை எடுத்துச்சென்றனர். அங்கும் 1914 முதல் மோனகாந்தா மாய்ந்தது.

ஆனால் இப்பூச்சி தில்லேனியைத் தொடவில்லை. எல்லாம் சப்பாத்திக்கள்ளி என்று நாம் ஒரே பெயரில் அழைத்தவற்றுள், பூச்சி மட்டும் வேறுபாட்டைத் துல்லியமாக அறிந்திருந்தது. வேலியாக நட்ட தில்லேனி வரப்பைத் தாண்டி, மேய்ச்சல் நிலத்தையும் ஊர்ப் பொதுவிடத்தையும் கைப்பற்றி, பாம்புக்கும் காட்டுப்பன்றிக்கும் புகலிடமாயிற்று. வெட்டினால் விழுந்த துண்டு ஒவ்வொன்றும் வேர்விட்டது. தீர்வு சுற்று வழியில் வந்தது. ஆஸ்திரேலியர் அமெரிக்காவிலிருந்து தருவித்த மற்றொரு பஞ்சுப்பூச்சி 1924-இல் இலங்கைக்கும், 1926-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பெண்பூச்சி மடலில் ஒட்டியபடியே வாழ்ந்து மடியும். பிறந்த குஞ்சுகள் மட்டுமே ஊர்ந்தும் காற்றில் மிதந்தும் பரவும். ஆகவே பூச்சி படிந்த மடல்களை மனிதர் சுமந்து சென்று புதர்தோறும் போடவேண்டும். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் பெருங்கள்ளிக் காடுகள் சரிந்து விளைநிலமாயின. இதையும் நெடுங்காலம் ‘டொமென்டோசஸ்’ என்று தவறாகக் குறித்துவந்தார்கள். சரியான பெயர் ‘ஒபுன்ஷியே’ என்பது பின்னரே தெளிந்தது. ஆஸ்திரேலியாவிலோ கள்ளியை வென்றது அர்ஜென்டினாவிலிருந்து 1925-இல் வந்த ஓர் அந்துப்பூச்சி. அங்கே 2 கோடியே 40 இலட்சம் எக்டேர் நிலம் கள்ளியின் பிடியில் இருந்ததாம். பூனார்கா என்ற சிற்றூரில் 1936-இல் அந்த அந்துப்பூச்சியின் பெயரால் ஒரு நினைவு மண்டபமே திறந்தார்கள். நம்மூரில் பூச்சிக்கு அத்தகைய மரியாதை கிட்டவில்லை.

அன்று நமக்கு உழவனின் நண்பனாக வந்த அதே பஞ்சுப்பூச்சி, 2014 முதல் மொராக்கோ நாட்டில் ஏழைக் குடும்பங்கள் பழத்துக்காகவும் தீவனத்துக்காகவும் நம்பியிருந்த கள்ளித் தோட்டங்களை அழித்துவருகிறது. லெபனானிலும் இஸ்ரேலிலும் அதற்குச் சற்று முன்னரே புகுந்துவிட்டது. இது நமக்குத் தூரத்துச் செய்தி அன்று. வறண்ட நிலங்களில் கால்நடைத் தீவனத்துக்காக முள்ளற்ற கள்ளியை வளர்க்கும் ஆய்வு ஜான்சியிலும் ஜோத்பூரிலும் நடந்துவந்திருக்கிறது. 2022-இல் மத்திய அரசும் தரிசு நிலங்களில் கள்ளி வளர்க்கும் முயற்சியை அறிவித்தது. மழை பொய்த்த கோடையில் மாட்டை விற்றுவிட்டு வேலை தேடி வெளியூர் செல்லும் குடும்பங்களை அறிந்த நமக்கு, நீர் கேட்காத பசுந்தீவனம் சிறு செய்தி அன்று. ஆனால் அத்தீவனம், மொராக்கோவில் அழிந்துவரும் அதே இந்திய அத்தி வகையைச் சார்ந்தது. அதன் பகைவனோ ஏறத்தாழ நூறாண்டுகளாக நம்மோடு குடியிருக்கிறான்.

எனவே முள்ளற்ற மடலை நட விரும்பும் உழவர் முதலில் தம் வேலியோரத்து மஞ்சள் முள் கள்ளியைப் பார்த்துவரட்டும். மடலில் பஞ்சு ஒட்டியதுபோல் வெண்திட்டு இருந்தால், ஒரு குச்சியால் அதை நசுக்கிப் பார்க்கலாம். வெறும் மாவுப்பூச்சியாயின் இந்தச் செந்நிறம் வராது. குச்சியின் நுனி இரத்தம்போல் சிவந்தால், அது 1926-இல் வந்த பூச்சியின் வழித்தோன்றல். அப்புதரை அகற்றி எரித்த பின்னரே அருகில் புது மடலை ஊன்றவேண்டும்.