நேப்பிள்சில் ஒரு மேசை

டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் அந்தோனி வான் லேவன்ஹூக் தம் வாழ்நாளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வில்லைகளைத் தாமே செய்தார் என்பர். 1673 தொடங்கி ஐம்பது ஆண்டுகள் இலண்டன் அரச கழகத்துக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். குளத்து நீரிலும் பல்லழுக்கிலும் நீந்தும் உயிர்களைப் பற்றி உலகுக்குச் சொன்னவர் அவரே. ஆனால் தம்மைக் காண வந்தவர்களுக்கு அவர் காட்டியது இரண்டாந்தரக் கருவிகளைத்தான். மிகச் சிறந்த வில்லைகளையும் அவற்றைச் செய்யும் முறையையும் கடைசிவரை தம்மிடமே வைத்துக்கொண்டார். 1723-இல் அவர் மறைந்த பின் அரச கழகத்துக்கு இருபத்தாறு வெள்ளி நுண்ணோக்கிகள் வந்து சேர்ந்தன. பின்னாளில் அவையும் காணாமற் போயின. அவர் கண்டவற்றுள் பலவற்றை மீண்டும் காண, பிறருக்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

அறிவியல் வரலாற்றை நாம் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே படித்துப் பழகிவிட்டோம். யாருடைய கருவியில், யாருடைய மேசையில் அமர்ந்து பார்த்தார்கள் என்பதைக் கேட்பதில்லை. இன்று பெரிய ஆய்வு நிறுவனங்களில் பொதுப் படிமக்கூடம் என்றொரு அறைத்தொகுதி இருக்கிறது. விலையுயர்ந்த நுண்ணோக்கிகளை ஓரிடத்தில் நிறுவி, பராமரிக்கத் தனி ஆட்களை வைத்து, மணிக்கணக்கில் முன்பதிவு செய்துகொண்டு யார் வேண்டுமானாலும் வந்து பயன்படுத்தும் ஏற்பாடு. அத்தகைய கூடங்களில் மிகுதியாகக் கைபடும் கருவி, அகல்புல நுண்ணோக்கி என்று நாம் தமிழில் சொல்லத்தக்க வைட்ஃபீல்ட் வகை. (துறைக்குரிய வேறு கலைச்சொல் இருப்பின் அறிந்தோர் திருத்துக.) பார்க்கும் பரப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் ஒளியூட்டி, முழுப் படிமத்தையும் ஒரே நொடியில் கண்ணோ படக்கருவியோ வாங்கிக்கொள்வது அகல்புலம். பள்ளியில் வெங்காயத் தோலைப் பார்த்தோமே, அதுவும் இவ்வினமே.

பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாட்டின் வேரைத் தேடினால் இத்தாலியின் நேப்பிள்ஸ் கடற்கரைக்குத்தான் செல்ல வேண்டியிருக்கிறது. 1870-களின் தொடக்கத்தில் அன்டன் டோர்ன் என்னும் ஜெர்மானிய விலங்கியலாளர் அங்கே பூங்கா ஒன்றினுள் ஓர் ஆய்வு நிலையத்தைக் கட்டினார். கீழ்த்தளத்தில் மீன்காட்சிச்சாலை, கட்டணம் செலுத்திப் பொதுமக்கள் பார்க்கலாம். மேலே ஆய்வறைகளும் நூலகமும். நூலகச் சுவர்களில் ஹான்ஸ் வான் மாரேஸ் 1873-இல் தீட்டிய சுவரோவியங்கள் இன்றும் உள்ளன. பணத்துக்கு டோர்ன் கண்ட வழிதான் புதுமை. அரசுகளும் பல்கலைக்கழகங்களும் ஆண்டுக்கு இவ்வளவு என்று செலுத்தி ஒரு மேசையை வாடகைக்கு எடுக்கலாம். மேசை என்றால் வெறும் பலகை அன்று: கடல்நீர்த் தொட்டிகள், வேதிப்பொருள்கள், நூலகம், உதவியாளர், வேண்டிய கடலுயிர்கள் எல்லாம் அதில் அடக்கம். அமெரிக்கர் செலுத்திய தொகை ஆண்டுக்கு 500 டாலர். வந்து அமர்பவர் என்ன ஆராய வேண்டும் என்று நிலையம் கட்டளையிடாது. இந்த ஒரு விதிக்காகவே டோர்னை நாம் வணங்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கு வந்த ஆய்வாளர் பலர் நுண்ணோக்கியைத் தம்முடனே கொண்டுவந்தனர். அன்று பகிரப்பட்டவை கடலும் மேசையும். கண்ணாடி அவரவர் உடைமை. இன்றைய படிமக்கூடத்திலோ இது தலைகீழ்: உயிரை அவரவர் கொண்டுவருகிறார்கள், கண்ணாடி பொதுவில் இருக்கிறது.

மேசை என்றதும் அதில் யார் அமரலாம் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. ஐடா ஹைட் என்னும் அமெரிக்கப் பெண், பெண்களை வகுப்பில் அமரவிடத் தயங்கிய ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் போராடி 1896-இல் முனைவர் பட்டம் பெற்றார். பின் நேப்பிள்சில் பணியாற்றும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. தமக்குக் கிட்டியது மற்றப் பெண்களுக்கும் கிட்ட வேண்டும் என்று அவர் எடுத்த முயற்சியால், அமெரிக்கப் பெண்களுக்கென்றே நேப்பிள்சில் ஒரு மேசையை வாடகைக்குப் பிடிக்கும் சங்கம் 1897-98-இல் உருவாயிற்று. அந்த மேசையின் வழியே நேப்பிள்ஸ் சென்றவர்களுள் ஒருவர் நெட்டி ஸ்டீவன்ஸ். தச்சர் ஒருவரின் மகள்; ஆசிரியப் பணியில் பொருள் சேர்த்து, முப்பது வயதுக்கு மேல் பல்கலைக்கழகம் புகுந்தவர். 1905-இல் தம் நாட்டில் மாவுப்புழு வண்டின் செல்களை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தார். பெண் வண்டில் இருபது பெரிய குரோமோசோம்கள். ஆண் வண்டில் பத்தொன்பது பெரியவை, ஒன்று மட்டும் மிகச் சிறியது. அந்தச் சிறியதைத்தான் இன்று ஒய் குரோமோசோம் என்கிறோம். ஆணா பெண்ணா என்பதற்கு அதுவரை உணவு, வெப்பம், தாயின் உடல்நிலை என்றெல்லாம் காரணம் சொல்லிவந்தார்கள். மகன் பிறக்கவில்லை என்று மருமகளைத் தூற்றிய எத்தனை வீடுகளை நாம் அறிவோம்! மறுமொழி ஒரு வண்டின் செல்லுக்குள் இருந்தது. பார்த்துச் சொன்னவரும் ஒரு பெண். ஸ்டீவன்ஸ் 1912-இல் மார்பகப் புற்றுநோயால் மறைந்தார்.

இனிக் கண்ணாடியின் கதை. டோர்ன் பிறந்த அதே 1840-இல் பிறந்தவர் அவருடைய நண்பர் எர்ன்ஸ்ட் ஆப்பே. நூற்பாலைத் தொழிலாளியின் மகன். நாளொன்றுக்குப் பதினான்கு மணி, பதினாறு மணி என்று நின்றபடியே உழைத்த தந்தைக்குச் சாப்பாடு கொண்டுசென்ற சிறுவயது நினைவை அவர் கடைசிவரை மறக்கவில்லை. 1866-இல் யேனா நகரத்துக் கருவி செய்நர் கார்ல் சைஸ் அவரைத் துணைக்கு அழைத்தார். அதுவரை வில்லைகளைச் சேர்த்தும் மாற்றியும் பார்த்துக் கைப்பழக்கத்தால் செய்துவந்த கருவியை ஆப்பே கணக்குக்குள் கொண்டுவந்தார். 1873-இல் அவர் கண்ட முடிவு மகிழ்ச்சியானதன்று: ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதியைவிட நெருங்கிய இரு புள்ளிகளை எந்த வில்லையாலும் பிரித்துக் காட்ட இயலாது. யேனாவில் அவர் நினைவுச் சின்னத்தில் அந்தச் சூத்திரத்தையே கல்லில் பொறித்திருக்கிறார்கள். சைஸ் மறைந்த மறு ஆண்டு, 1889-இல், ஆப்பே ஓர் அறக்கட்டளையை நிறுவினார். பின்னர் தம் பங்குகளையும் அதற்கே எழுதிவைத்தார். 1900-இல் அந்த ஆலையில் எட்டு மணி நேர வேலைநாள் வந்தது. தந்தையின் பதினாறு மணியை நினைத்துக்கொண்டால் இது வெறும் நிர்வாகச் செய்தியாகத் தோன்றாது.

அதே 1900-இல் அங்கே பணிக்குச் சேர்ந்தவர் ஆகஸ்ட் கோலர். பாறைகளில் ஒட்டிவாழும் ஒருவகை நத்தையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். நத்தையின் நுண்படங்களை எடுக்க முயன்றபோது அவருக்கு ஒரு தொல்லை. விளக்குச் சுடரின் உருவமே பொருளின்மேல் விழுந்தது. படம் ஓரிடம் வெளுத்தும் ஓரிடம் கறுத்தும் வந்தது. 1893-இல் அவர் வெளியிட்ட தீர்வு எளியது. சுடரின் உருவத்தைப் பொருளின்மேல் விழவிடாமல், சற்று முன்னதாக, ஒளிகுவிப்பியின் திரையிலேயே விழச்செய்தார். இப்போது சுடரின் ஒவ்வொரு புள்ளியும் புலம் முழுவதற்கும் ஒளி தருகிறது. சுடரின் ஏற்றத்தாழ்வு புலத்தில் தெரிவதில்லை. விளக்கு சுடரிலிருந்து எல்இடி வரை மாறிவிட்டது, முறை மாறவில்லை.

பின்வந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். 1904-இல் புற ஊதா ஒளியில் பார்த்துக்கொண்டிருந்த கோலர், பொருள்கள் தாமே ஒளிர்வதைக் கண்டார். அவருக்கு அது இடையூறாகவே பட்டது. அந்த இடையூற்றை 1941-இல் ஆல்பர்ட் கூன்ஸ் பயனாக்கினார்: எதிர்ப்பொருளில் ஒளிரும் சாயத்தை ஏற்றி, செல்லுக்குள் தேடியதை மட்டும் மின்ன வைத்தார். 1994-இல் மார்ட்டின் சால்ஃபி, ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரதத்தைப் புழுவின் உடலில் ஒளிரச் செய்து காட்டினார். அகல்புலத்தின் பழைய குறை, குவியத்துக்கு மேலும் கீழுமுள்ள தளங்களின் ஒளியும் கலந்து படிமம் மங்குவது. மார்வின் மின்ஸ்கி 1957-இல் காப்புரிமை கோரிய கான்ஃபோகல் கருவி, ஒரு துளையை வைத்து அந்த ஒளியைத் தடுத்தது. டேவிட் ஆகார்டும் ஜான் செடாட்டும் 1980-களில் வேறு வழியில் போனார்கள். வந்த ஒளியை விலக்காமல், அது எங்கிருந்து வந்தது என்று கணினியால் கணக்கிட்டு உரிய இடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். 1990-இல் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியின் ஆடி பிழைபட்டிருந்தபோது, அதன் மங்கிய படங்களைத் தெளிவாக்கவும் இவ்வகைக் கணக்கே உதவிற்று.

கான்ஃபோகல் வந்ததும் அகல்புலம் ஒழிந்துவிடும் என்று எண்ணியவர்கள் உண்டு. ஒழியவில்லை. புள்ளி புள்ளியாக வருடாமல் ஒரே வீச்சில் பார்ப்பதால் விரைவு மிகுதி. ஒளியை வீணாக்காததால் உயிருள்ள செல்லுக்குத் துன்பமும் குறைவு. பொதுக்கூடத்தில் முதன்முறை வரும் மாணவருக்கும் முதலில் தரப்படுவது பெரும்பாலும் இதுவே. கீழேயுள்ள திரையை மூடச்சொல்வார்கள். இருளின் நடுவே ஒளியின் சிறு பல்கோணம் ஒன்று தெரியும். ஒளிகுவிப்பியை ஏற்றியிறக்கி அதன் விளிம்பைத் தெளிவாக்கி, திருகுகளால் நடுவுக்குக் கொண்டுவந்து, புலத்தின் எல்லையைத் தாண்டும்வரை மெல்லத் திறக்க வேண்டும். நத்தை ஆய்வாளர் 1893-இல் எழுதிவைத்தபடிதான். இதற்கெல்லாம் முன்பே கண்ணாடித் தகட்டை வைத்துக் குவியப்படுத்தச் சொல்லியிருப்பார்கள்.