தாராவிக்கு ஒரு சட்டம், திருநெல்வேலிக்கு ஒரு சட்டம்

தாராவித் தமிழர்களில் பலருக்கு வேர் திருநெல்வேலிச் சீமையில்தான். அண்ணன் தொண்ணூறடிச் சாலையில் கடை வைத்திருப்பார். தம்பி சாத்தான்குளம் பக்கம் ஊரோடு இருப்பார். இவர்களில் ஒருவரைப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்து அடித்துவிட்டால், புகாரைக் கேட்கக் காவல்துறைக்கு வெளியே ஆள் உண்டா? அடி எந்த மாநிலத்தில் விழுந்தது என்பதைப் பொறுத்தது பதில்.

காவல் சீர்திருத்தம் கேட்ட பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் இட்டது. மாநிலந்தோறும், மாவட்டந்தோறும் காவல் புகார் ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதியாக இருக்க வேண்டும். ஆணையத்தின் பரிந்துரைக்கு, நடவடிக்கை எடுக்க வேண்டிய அதிகார அமைப்பு கட்டுப்பட வேண்டும்.

மகாராஷ்டிரம் எட்டாண்டு தாமதித்தது. 2014இல் தன் காவல் சட்டத்தைத் திருத்தி ஆணையம் அமைத்தபோது, தலைமையை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிக்கு அளித்தது. பொதுவாழ்வில் பெயர்பெற்ற ஒருவருக்கும் இடம் வைத்தது. காவல் மரணம், கொடுங்காயம், பாலியல் வன்முறை, முறைகேடான கைது, லஞ்சம், வீடு நிலம் அபகரிப்பு எல்லாம் அதன் வரம்புக்குள் வருகின்றன. குறை இல்லாமல் இல்லை. உறுப்பினர்-செயலராகப் பணியிலிருக்கும் கூடுதல் டிஜிபி நிலை அதிகாரியே அமர்கிறார். பரிந்துரையைக் காரணம் எழுதி நிராகரிக்கவும் அரசுக்கு வழி உண்டு. ஆனாலும் தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ அடிபட்டவர் ஒரு நீதிபதியின் முன் போய் நிற்கலாம்.

தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுக் காவல் சீர்திருத்தச் சட்டத்தைப் படித்தால் மனம் கசக்கிறது. மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலர். டிஜிபி அதில் உறுப்பினர். மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். நீதிபதி எங்குமே இல்லை. எந்தத் துறைமீது புகாரோ அந்தத் துறையின் மேலதிகாரிகளே விசாரணை நாற்காலியில் அமர்ந்தால் அதற்கு ஆணையம் என்ற பெயர் எதற்கு? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் சிதைக்கப்பட்டு இறந்தபோது உண்மையை வெளியே கொண்டுவந்தது இப்படிப்பட்ட ஆணையம் அல்ல; உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும், அது அனுப்பிய நீதித்துறை நடுவரும், துணிந்து சாட்சி சொன்ன ஒரு பெண் தலைமைக் காவலரும்தான்.

காவலரும் மக்களும் சேர்ந்து அமரும் பழைய பழக்கம் ஒன்றும் மும்பைக்கு உண்டு. ஏ.என். ராய் போலீஸ் கமிஷனராக இருந்த காலத்தில், ஜோக்கின் அற்புதத்தின் குடிசைவாசிகள் சம்மேளனத்தோடு சேர்ந்து குடிசைப் பகுதிகளில் போலீஸ் பஞ்சாயத்துகள் அமைந்தன. ஏழு பெண்களும் மூன்று ஆண்களும் உள்ளூர்க் காவலரோடு உட்கார்ந்து தெருச் சண்டைகளைத் தீர்த்தார்கள். காவலரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் அந்தப் பஞ்சாயத்துகளுக்கு இல்லை. ஆனால் சமமாக அமர்ந்து பேசிய நினைவு எளிதில் போகாது.

ஆணைய நாற்காலிகளில் இவ்வளவு வேறுபாடு இருந்தும் காவலர்மீதான புகார்க் கோப்புகள் இரண்டு இடத்திலும் ஒன்றுபோலவே பூட்டப்பட்டிருக்கின்றன. மிகவும் வருந்தவைப்பது இதுதான். தகவல் உரிமைக்கு முதல் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, 1997இல். மத்தியச் சட்டத்துக்கு முன்பே மகாராஷ்டிரமும் தனக்கென ஒரு சட்டம் வைத்திருந்தது. இன்று இரு மாநிலங்களிலும், ஒரு ஆய்வாளர்மீது எத்தனை புகார் நிரூபணமானது, என்ன தண்டனை என்று கேட்டால், அது அவருடைய சொந்தத் தகவல் என்று பதில் வருகிறது. 2012இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியரின் மெமோக்களையும் தண்டனை விவரங்களையும் அப்படித்தான் வகைப்படுத்தியது. இதற்கு அடிப்படையான, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவிலேயே இருந்த பொதுநல விலக்கையும் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நீக்கிவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. நியூயார்க் மாநிலமோ காவலர் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளை மறைத்துவந்த சட்டத்தை 2020 ஜூனில் ரத்து செய்தது.

ஆணைய அமைப்பில் மகாராஷ்டிரமே மேல். தமிழ்நாடு 2013 சட்டத்தைத் திருத்தி நீதிபதியை அமர்த்த வேண்டும். கோப்பு விஷயத்தில் இரண்டும் தோற்றிருக்கின்றன. ஒரு சிறு வாசல் மட்டும் மிச்சம் இருக்கிறது: தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு. வெளியிடுவதால் வரும் தீங்கைவிடப் பொதுநலன் பெரிது என்றால் தகவலைத் தரலாம் என்கிறது அது. ஸ்டேஷனில் அடிபட்டவர்களுக்காக மனு எழுதிக்கொடுக்கும் தாராவி நண்பர்களே, அந்தப் பிரிவின் எண்ணை மனுவில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.