டிகிரிக் கணக்கு: மரக்காணம் உப்பளங்களும் அளவீடும்

மரக்காணம் கடற்கரையில் உப்பு விளைவிக்கும் தொழில் மிகப் பழமையானது என்பதற்கு அவ்வூர்ப் பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் சான்றாக உள்ளன. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. ஆயினும் இங்கு அரசுகள் அக்கறையோடு அளந்தது விளைந்து முடிந்த உப்பைத்தான். 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கியபின், உப்பு மணங்குக் கணக்கில் நிறுக்கப்பட்டுக் கிடங்கில் பூட்டப்பட்டது. பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி மரக்காணமாக அமைந்ததால், பின்னாளில் சரக்கு படகேறிச் சென்னைக்குப் போக வழியும் கிடைத்தது. விளைச்சல் குறைந்ததைத் தராசு காட்டும். எந்தப் பாத்தியில், எந்தக் கட்டத்தில் குறை நேர்ந்தது என்பதை அது காட்டாது.

அதைக் காட்டும் கருவி, அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தியலாளர் 1768-இல் வகுத்த மிதவைமானி ஆகும். அடியில் கனம் ஏற்றிய கண்ணாடிக் குழாயான இது, தூய நீரில் பூச்சியமும், நூறு பங்குக் கரைசலில் பதினைந்து பங்கு உப்புள்ள நீரில் 15-உம் காட்டும். ஏறத்தாழ 3 டிகிரியில் உள்ளே வரும் கடல்நீர், தேக்கப் பாத்திகளில் வெயிலும் காற்றும் பட்டுச் செறிவேறும்போது முதலில் சுண்ணாம்பையும், 13 டிகிரிக்கு மேல் ஜிப்சத்தையும் படியவிட்டு, 25 டிகிரியைத் தாண்டியதும் நீர்ப்பரப்பில் மெல்லிய ஏடாக உப்பு பூக்கத் தொடங்குகிறது. முன்கூட்டியே நீரைப் படிகப் பாத்திக்குள் விட்டால் உப்போடு ஜிப்சம் கலக்கும். 29 டிகிரிக்கு மேலும் கழிவுநீரை வடிக்காமல் வைத்திருந்தால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து, உப்பு கசந்து ஈரம் உறிஞ்சும். நல்ல காற்றடித்தும் ஒரு தேக்கப் பாத்தியில் மட்டும் டிகிரி ஏறவில்லை என்றால், அடித்தரை கசிகிறதா என்று பார்த்துக் களிமண்ணை மிதித்து இறுக்க வேண்டும்.

மொத்தத்தை மட்டும் அளந்தால் குறையின் இடம் தெரியாது என்ற இதே முடிவுக்கே கணினி நிரலின் வேகத்தை ஆராய்வோரும் வந்தனர். கணினி அறிவியலாளர் டொனால்ட் குனூத் 1971-இல் ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்து, பொதுவாக ஒரு நிரலின் நான்கு விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே அதன் ஓட்ட நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்று காட்டினார். மொத்த நேரத்தை மட்டும் அளப்பவருக்கு அப்பகுதி எங்கே இருக்கிறது என்று தெரியாது. பகுதி பகுதியாக அளந்தவருக்கே திருத்த வேண்டிய இடம் புலப்படும்.

அளவீட்டை ஒப்பிட நிபந்தனையும் ஒன்றாக இருக்க வேண்டும். நண்பகல் வெயிலில் சூடேறிய உவர்நீர் அடர்த்தி குறைந்து, உள்ளதைவிடக் குறைந்த டிகிரியைக் காட்டும். எனவே காலை அளவை நண்பகல் அளவோடு ஒப்பிட்டுப் பாத்தியைக் குறைசொல்வது பிழை. வேகச் சோதனையை ஒரே கணினியில், ஒரே சுமையில் நடத்த வேண்டும் என்ற விதியும் இத்தகையதே.

1947-இல் உப்பு வரி நீங்கியது. ஆனால் அளவீட்டின் தேவை குறையவில்லை. அயோடின் சேராத உப்பை உண்பதற்காக விற்பது 2006 முதல் மீண்டும் தடைசெய்யப்பட்டது. கடையில் விற்கும் உப்பில் பத்து லட்சத்தில் 15 பங்குக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும். இங்கும் கடைசி அளவு மட்டும் போதவில்லை. மக்னீசியம் மிகுந்து ஈரமான உப்பில் அயோடின் விரைவில் குறைந்துவிடுவதால், கடையில் தவறும் அளவுக்குக் காரணம் சில வேளைகளில் 29 டிகிரியில் வடிக்காமல் விட்ட நீரில் இருக்கிறது.