புகைபோக்கிச் சாந்து புதுப்பித்தல்

குளிர்நாடுகளில் பழைய செங்கல் புகைபோக்கிகளின் சந்துகளில் உதிர்ந்துபோன சாந்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் சாந்து அடைக்கும் வேலை. நம் கொத்தனார்கள் ‘பாயிண்டிங்’ என்பதும் இதைத்தான்.

கூரைக்கு மேலே நிற்கும் பகுதிதான் முதலில் கெடும். மழையும் பனியும் நாற்புறமும் தாக்க, உள்ளிருந்து புகையின் ஈரமும் கந்தகமும் அரிக்கின்றன. சந்தில் புகுந்த நீர் உறையும்போது கனஅளவில் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது. இரவில் உறைவதும் பகலில் உருகுவதும் தொடர்ந்தால் சாந்து மணலாகக் கொட்டும்.

குளிரைவிடப் பெரிய கேட்டைச் சில வேளை பழுதுபார்ப்பவரே செய்துவிடுகிறார். வட அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களில் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்துதான். அது மென்மையானது, ஈரத்தை வெளியே விடும். அந்தச் சந்தில் கடினமான போர்ட்லண்டு சிமென்ட் சாந்தை அடைத்தால் ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கி உறைந்து, அதன் முகத்தைப் பெயர்த்துவிடும். சாந்து எப்போதும் செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். சிமென்ட் 1, சுண்ணாம்பு 2, மணல் 9 என்ற கலவை ஓரளவு பொருந்தும். மிக மென்மையான கல்லுக்குச் சுண்ணாம்பு மட்டுமே நல்லது.

சந்தின் அகலத்தைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம் சுரண்ட வேண்டும். மேலோட்டமாகப் பூசியது நிற்காது. பிறகு தூசு தட்டி, நனைத்து, படலம் படலமாக அழுத்தி அடைத்து, ஈரச் சாக்கால் மூடுவார்கள். வெப்பநிலை 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும் நாள்களில் இவ்வேலை கூடாது. சாய்ந்துவிட்ட புகைபோக்கிக்குப் பாயிண்டிங் உதவாது. பிரித்துத்தான் கட்ட வேண்டும்.