பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ஒரு தம்ளர் பால்

1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்ததும், அவர்களில் 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று சொன்னதும் புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். மூன்று நாள் கழித்து ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. அப்போது பாரிசில் பிரதமராக இருந்தவர் பியேர் மாந்தேஸ் பிரான்ஸ். இந்தோசீனப் போரை முடித்தவர், புதுச்சேரியை விட்டுக்கொடுத்தவர் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அவரைப் பற்றிப் பேசுவார்கள். அந்தச் சில மாதங்களில் அவர் எடுத்த இன்னொரு முடிவைப் பற்றி இங்கே யாரும் பேசி நான் கேட்டதில்லை. பிரான்சின் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு தம்ளர் பால் கொடுக்க ஏற்பாடு செய்தார். 1955-இன் தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது.

பள்ளிக்கூடத்தில் பால் கொடுப்பதில் என்ன பெரிய அதிசயம் என்று நினைப்பீர்கள். அந்தப் பால் எந்தப் பானத்தின் இடத்துக்கு வந்தது என்று தெரிந்தால் அப்படி நினைக்க மாட்டீர்கள். அதுவரை பல கிராமத்துப் பிள்ளைகளின் சாப்பாட்டுக் கூடையில் ரொட்டியோடு ஒரு சின்னப் புட்டியும் இருக்கும். தெற்கே அதில் ஒயின், நார்மண்டி, பிரெத்தாஞ் பக்கம் ஆப்பிளில் செய்யும் சிடர், வடக்கே பீர். பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையிலேயே தண்ணீர் கலந்த ஒயின் ஊற்றிய இடங்களும் உண்டு. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சொல்தா ஒருவர் இருந்தார். பட்டாளத்தில் இருந்தபோது பிரான்சில் இதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்வார். நாங்கள் சிறுவர்கள், தாத்தா கதை விடுகிறார் என்று சிரிப்போம். பிற்பாடு படித்தபோதுதான் அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று தெரிந்தது.

பெற்றோர் பிள்ளைகளுக்குக் கெடுதல் நினைத்து இதைச் செய்யவில்லை. பண்ணைகளில் உடலுழைப்பு அதிகம். ஒயின் ரத்தத்தைப் பெருக்கும், உடம்புக்குத் தெம்பு தரும் என்று தலைமுறை தலைமுறையாக நம்பினார்கள். தண்ணீர் பயமும் இருந்தது. குழாய்த் தண்ணீர் வராத கிராமங்கள் இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் ஏராளம். கிணற்றுத் தண்ணீரால் டைஃபாய்டு வந்து வீட்டுக்கு வீடு பிள்ளையைப் பறிகொடுத்த நினைவு மறையாத காலம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு தாய் தண்ணீரைவிட ஒயினை நம்பியதில் ஒரு நியாயம் இருந்தது.

அப்படியானால் பள்ளிக்கூடம் சும்மாவா இருந்தது? இல்லை. 1881, 1882-ஆம் ஆண்டுகளில் ஜூல் ஃபெரி கொண்டுவந்த சட்டங்களால் ஆரம்பக் கல்வி இலவசமானது, கட்டாயமானது. அந்தப் பள்ளிகளில் எழுத்தோடும் கணக்கோடும் சுகாதாரமும் பாடமானது. காலையில் பிள்ளைகள் உள்ளே வரும்போதே ஆசிரியர் கையையும் முகத்தையும் பார்ப்பார். 1890-களில் மது எதிர்ப்புப் பாடமும் சேர்ந்தது. டிக்டேஷனில் குடிகாரத் தகப்பன் வருவான். கணக்கிலும் அவன்தான்: ஒரு தொழிலாளி தினமும் சாராயக் கடையில் இத்தனை காசு செலவழித்தால் வருஷத்துக்கு எவ்வளவு? நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குக் கொடுக்கும் 'போன் புவேன்' அட்டைகளில்கூட குடியின் தீமையைப் படமாக அச்சடித்தார்கள்.

1900-ஐ ஒட்டிப் பல வகுப்பறைகளில் ஒரு பெரிய படம் தொங்கியது. டாக்டர் கால்த்தியே-புவாசியேர் தயாரித்தது. 'மது, அதுவே எதிரி' என்பது அதன் தலைப்பு. நல்ல ஈரலையும் குடிகாரன் ஈரலையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டும் படம். அதில் ஒரு வேடிக்கை உண்டு. பானங்களை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். திராட்சை, ஆப்பிள், பார்லி இவற்றிலிருந்து வரும் ஒயினும் சிடரும் பீரும் இயற்கையானவை, நல்லவை. பீட்ரூட்டிலும் உருளைக்கிழங்கிலும் தானியத்திலும் ஆலை வடிக்கும் சாராயம் கெட்டது. அரசாங்கமும் அப்படித்தான் நினைத்தது. 1900 டிசம்பரில் வந்த வரிச் சட்டம் ஒயினையும் சிடரையும் பீரையும் 'ஆரோக்கிய பானங்கள்' என்று அழைத்து வரியைக் குறைத்தது. அன்றைய மருத்துவர்களில் பலரும் இந்தப் பிரிவினையை மனதார நம்பினார்கள். ஆனாலும் திராட்சைத் தோட்டக்காரர்களின் ஓட்டு எவ்வளவு என்பதை எந்த அரசாங்கமும் மறந்துவிடவில்லை. போதைப் பொருள் இரண்டிலும் ஒன்றுதான். அது திராட்சையிலிருந்து வந்ததா பீட்ரூட்டிலிருந்து வந்ததா என்று ஈரல் கேட்பதில்லை.

ஆக, பையன் சுவரில் 'மதுவே எதிரி' என்று படித்தான். மணி அடித்ததும் அந்தச் சுவருக்குக் கீழேயே உட்கார்ந்து கூடையிலிருந்த புட்டியைத் திறந்தான். அவன் பாடத்தை மீறவில்லை. அவன் புட்டியில் இருந்தது பாடமே நல்லது என்று சொன்ன பானம். இப்படியே அரை நூற்றாண்டு போயிற்று.

மாந்தேஸ் பிரான்ஸ் இதை வேறு பக்கத்திலிருந்து பிடித்தார். அவர் நார்மண்டியில் ஏர் மாவட்டத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஒரு பக்கம் பசுக்கள், மறு பக்கம் ஆப்பிள் சாராயம் என்று இரண்டும் பெருகிய சீமை அது. 1954 நவம்பரில் மதுப் பழக்கத்தை ஆராயவும் மக்களுக்கு விளக்கவும் ஓர் உயர்மட்டக் குழுவை அமைத்தார். வீட்டுத் தோப்புப் பழத்தில் சாராயம் வடித்துக்கொள்ளும் குடியானவர்களின் பரம்பரைச் சலுகையில் கைவைத்தார். பள்ளிக்குப் பால் அனுப்பினார். பால் உபரியாக இருந்ததால் பண்ணைக்காரர்களுக்கும் அதில் லாபம். இதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு வாழ்ந்தவன் என்கிற முறையில் எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகவே படுகிறது. யாருக்கும் லாபமில்லாத நல்ல திட்டங்கள் அலமாரியில் தூசி படிந்து கிடப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவரும் பொது இடங்களில் பால் தம்ளரோடு காட்சி தந்தார். பத்திரிகைகள் சும்மா விடுமா? கேலிச் சித்திரங்கள் குவிந்தன. ஒயினைத் தொடாதவன் என்ன பிரெஞ்சுக்காரன் என்று புழாத் கட்சியினர் கேட்டார்கள். அவர் யூதர் என்பதால் அந்தக் கேலிக்குள் நஞ்சும் இருந்தது. 1955 பிப்ரவரியில் வட ஆப்பிரிக்க விவகாரத்தில் அவர் ஆட்சி கவிழ்ந்தது. ஏழரை மாதம்தான் பதவி. கவிழ்த்தவர்களில் சாராயக்காரர்களின் நண்பர்களும் கலந்திருந்தார்கள். சலுகை விஷயம் 1960 வரை இழுத்தது. அதற்குப் பிறகுதான் அதை வாரிசுகளுக்குக் கொடுக்க முடியாது என்று ஆனது.

ஆனால் பள்ளிக்கூடத்தில் பால் சில ஆண்டுகள் தொடர்ந்தது. சிலருக்கு அதன் வாசனையே பிடிக்கவில்லை, சிலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். 1956 ஆகஸ்டில் ஒரு சுற்றறிக்கை வந்தது: 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாப்பாட்டு அறையில் எந்த மதுபானமும் கூடாது. ஒயின், சிடர், பீர் என்று விலக்கு எதுவும் கிடையாது. பதினான்கைத் தாண்டியவர்களுக்கான கதவு அடைபட இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. லிசேக்களில் ஒயின் 1981-இல்தான் நின்றது.

சுற்றறிக்கை எழுதுவது சுலபம். நானே நூற்றுக்கணக்கில் தட்டச்சு செய்திருக்கிறேன். அது பலிக்க வேண்டுமானால், எடுத்த பொருளின் இடத்தில் வேறொன்றை வைத்திருக்க வேண்டும். அங்கே பால் முதலில் வந்தது, தடை பிறகு வந்தது. கிராமங்களுக்குக் குழாய்த் தண்ணீரும் அந்த ஆண்டுகளில்தான் பரவலாகப் போய்ச் சேர்ந்தது. படம் மட்டும் தொங்கிய ஐம்பது ஆண்டுகளில் அசையாத புட்டி, பாலும் தண்ணீரும் வந்த பிறகு கூடையிலிருந்து இறங்கியது.

நான் படித்த புத்தகங்களும் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தவைதான். சுகாதாரப் பாடத்தில் கம்பளிச் சட்டையைப் பற்றியும் கணப்பு அடுப்பின் புகையைப் பற்றியும் எச்சரிக்கை இருக்கும். சித்திரை வெயிலில் வியர்வை வழிய அதை மனப்பாடம் செய்வோம். வாரத்துக்கு ஒரு நாள் முசியே எங்கள் நகத்தைப் பார்ப்பார். குப்பத்திலிருந்து வந்த பையன்கள் எப்போதும் கடைசி வரிசையில் நிற்பார்கள். விரலை மடக்கி மறைத்துக்கொள்வார்கள். அவர்களில் பாதிப் பேர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நகத்தைப் பார்த்த முசியே அதைக் கேட்டதில்லை. அவர் கெட்டவர் அல்ல. கேட்கச் சொல்லி அவருடைய புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை.

நம் பக்கத்து நிர்வாகங்கள் இதை ஓரளவு முன்பே உணர்ந்திருந்தன. சென்னை மாநகராட்சி 1920-இல் தியாகராய செட்டியார் காலத்தில் தன் பள்ளியொன்றில் மதிய உணவு கொடுத்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் 1930-இல் தொடங்கியது. பிரான்சில் அந்தச் சுற்றறிக்கை வந்த அதே 1956-இல் காமராஜர் அரசு மதிய உணவைக் கையில் எடுத்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் காலையில் பாலும் பிஸ்கட்டும் வந்தபோது எனக்கு மாந்தேஸ் பிரான்ஸ்தான் நினைவுக்கு வந்தார். கடைசி வரிசைப் பையன்களுக்கு ஐம்பது வருஷம் தாமதமாக வந்த தம்ளர்!

இப்போது புட்டியின் இடத்தில் வேறு வந்திருக்கிறது. பள்ளி வாசலில் சரம் சரமாகத் தொங்கும் வண்ணப் பொட்டலங்கள், சர்க்கரைத் தண்ணீர் அடைத்த பிளாஸ்டிக் குப்பிகள். வகுப்புச் சுவரில் 'நொறுக்குத் தீனி தவிர்ப்போம்' என்று படமும் தொங்குகிறது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டாக்டர் கால்த்தியே-புவாசியேர் ஞாபகம்தான். ஐந்து ரூபாய்ப் பொட்டலம் வாங்கும் ஏழைப் பிள்ளைக்குப் பசி இருக்கிறது. அந்தப் பசிக்கு அதே நேரத்தில், அதே இடத்தில், சுண்டலோ பழமோ கிடைக்குமா என்பதுதான் கேள்வி. கிடைக்காத வரை சுவர்ப் படத்துக்குச் செலவழிக்கும் காசு வீண்.

என் வயதுக்காரர்களில் பலர் குடியரசு நாளன்று ஏதாவது ஒரு பள்ளிக்கு விருந்தினராகப் போகிறீர்கள், ஆரோக்கியம் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். மேடை ஏறுவதற்கு முன் பிள்ளைகள் குடிக்கும் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பிறகு என்ன பேசுவது என்று முடிவு செய்யலாம்.